குவாட்: காட்டுப்பள்ளியில் கைகோத்தவர்கள் திருப்பூர் விஷயத்தில் ஏன் ஒத்துப்போவதில்லை?

2025 ஜூலை 1 அன்று வாஷிங்டனில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய ‘குவாட்’ நாடுகள் நான்கின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். கடல் பாதுகாப்பிலும் முக்கிய கனிமங்களிலும் சேர்ந்து செயல்படப்போவதாக அறிவித்தார்கள். எட்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27-ல், இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. திருப்பூர் பின்னலாடை ஆர்டர்கள் பாதியில் நின்றன.

நண்பர்கள் என்கிறார்கள், வரியும் போடுகிறார்கள், இது என்ன கணக்கு என்று வாசகர்கள் கேட்பது நியாயம்தான். வரி விகிதம் ஏறும், இறங்கும். ஆனால் கடல் பாதுகாப்பில் நெருங்கிவரும் நாடுகள் வணிகத்தில் ஏன் நெருங்குவதில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும். முதலில் செய்திகளில் ஒன்றோடொன்று கலந்துவிடும் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்.

## எது கூட்டணி, எது கூட்டணி இல்லை

1. ஒப்பந்தக் கூட்டணி: ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவிக்கு வருவதாக எழுதிக் கையெழுத்திட்டது. நேட்டோ அப்படி. அமெரிக்கா–ஜப்பான் ஒப்பந்தமும் (1960), அமெரிக்கா–ஆஸ்திரேலியா–நியூசிலாந்து ஒப்பந்தமும் (1951) இந்த வகை. இந்தியா இப்படி எதிலும் இல்லை.

2. குவாட்: மேலே சொன்ன நான்கு நாடுகளின் கலந்தாலோசனை ஏற்பாடு. இதற்குச் சாசனம் கிடையாது, தலைமைச் செயலகம் கிடையாது, ஒருவருக்காக இன்னொருவர் போருக்குப் போகும் கடமையும் கிடையாது.

3. ஆக்கஸ்: 2021 செப்டம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா சேர்ந்து அறிவித்தது. ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகள் தருவதுதான் இதன் மையம். இந்தியாவுக்கும் குவாடுக்கும் இதில் பங்கில்லை. பத்திரிகைகளில் அடிக்கடி குழம்புவது இங்கேதான்.

4. மலபார்: கடற்படைக் கூட்டுப் பயிற்சி. 1992-ல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கின. 2015-ல் ஜப்பான் நிரந்தரமாகச் சேர்ந்தது, 2020-ல் ஆஸ்திரேலியா திரும்பி வந்தது. இப்போது பங்கேற்பது குவாடின் அதே நான்கு நாடுகள்தான். ஆனாலும் இதை ‘குவாட் பயிற்சி’ என்று அதிகாரபூர்வமாகச் சொல்வதில்லை. சொன்னால் ராணுவக் கூட்டணி என்று அர்த்தமாகிவிடும் என்ற தயக்கம்.

‘இந்தோ-பசிபிக்’ என்பது இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் ஒரே பரப்பாகப் பார்க்கும் பெயர். சென்னையிலிருந்து கிளம்பும் சரக்கு மலாக்கா நீரிணையைத் தாண்டினால் அடுத்து தென்சீனக் கடல். வணிகர்களுக்கு இது எப்போதுமே ஒரே கடல்தான். வரைபடத்தில் பிரித்து வைத்திருந்தவர்கள்தான் இப்போது சேர்த்திருக்கிறார்கள்.

## சுனாமியில் தொடங்கி, இடையில் செத்து, மறுபடி பிழைத்தது

2004 டிசம்பர் 26-ல் மெரினாவையும் நாகப்பட்டினத்தையும் சுனாமி அடித்தது. தன் கரையிலேயே பிணங்களை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தியா இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. நிவாரணத்தை ஒருங்கிணைக்க அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஒரு குழு அமைத்தன. சில நாள்களில் அந்தப் பொறுப்பு ஐ.நா.விடம் போய்விட்டது. ஆனால் அந்தக் கடலில் உடனடியாகக் கப்பல் அனுப்ப முடிந்தவர்கள் யார், மனம் உள்ளவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

2007-ல் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே இதற்கு அரசியல் வடிவம் கொடுக்கப் பார்த்தார். அந்த ஆண்டு மே மாதம் மணிலாவில் நான்கு நாட்டு அதிகாரிகள் சந்தித்தார்கள். செப்டம்பரில் வங்கக் கடலில் சிங்கப்பூரையும் சேர்த்து ஐந்து கடற்படைகள் பயிற்சி நடத்தின. இந்தியாவிலேயே எதிர்ப்பு கிளம்பியது. இடதுசாரிக் கட்சிகள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்துக்குப் பிரச்சாரப் பயணம் நடத்தின. சீனாவும் ஆட்சேபம் தெரிவித்தது. 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அதைத் திரும்ப எழுப்பியது சீனாவின் நடவடிக்கைகள்தான். தென்சீனக் கடல் வழக்கில் 2016 ஜூலையில் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. சீனா அதை ஏற்க மறுத்தது. 2017-ல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் போனது. அதே ஆண்டு பூடான் எல்லையருகே டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றன. அந்த ஜூலையில் சென்னைக்கு எதிரே நடந்த மலபார் பயிற்சிக்கு அமெரிக்காவின் ‘நிமிட்ஸ்’, இந்தியாவின் ‘விக்ரமாதித்யா’, ஜப்பானின் ‘இசுமோ’ ஆகிய மூன்று பெரிய கப்பல்கள் வந்தன. நவம்பரில் குவாட் மீண்டும் கூடியது. மறுவருடம் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ இதைக் கடல் நுரை என்று கேலி செய்தார். 2020-ல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலுக்குப் பிறகு இந்தியாவின் தயக்கம் பெரிதும் குறைந்தது. 2021 மார்ச்சில் முதல்முறையாக நான்கு தலைவர்களும் காணொளியில் பேசினார்கள்.

## கடல் யாருக்கு? அடிப்படைச் சட்டம்

1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம்தான் எல்லா வாதங்களுக்கும் அடிப்படை. சென்னையிலிருந்து நேர் கிழக்கே போவதாக வைத்துக்கொள்வோம்.

1. முதல் 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ., நம் ஆட்சி எல்லைக் கடல். வெளிநாட்டுக் கப்பல்கள் அமைதியாகக் கடந்து போகலாம், அவ்வளவுதான்.

2. 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கி.மீ., தனிப் பொருளாதார மண்டலம். மீன், எண்ணெய், கனிமம் மீதான உரிமை நமக்கு மட்டும். ஆனால் கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும் பொது.

3. அதற்கு அப்பால் திறந்த கடல்.

சிக்கல் இரண்டாவதில். அந்த மண்டலத்துக்குள் வேற்று நாட்டுப் போர்க்கப்பல் பயிற்சி செய்யலாமா? அனுமதி வேண்டும் என்கிறது இந்தியா. வேண்டாம் என்கிறது அமெரிக்கா. 2021 ஏப்ரலில் ‘ஜான் பால் ஜோன்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் லட்சத்தீவு அருகே இந்திய மண்டலத்துக்குள் அனுமதி கேட்காமல் வந்து, அதை வெளிப்படையாக அறிவிக்கவும் செய்தது. டெல்லி ஆட்சேபம் தெரிவித்தது. குவாட் தலைவர்கள் பேசி ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. இன்னொரு வேடிக்கை, கடல் சட்டத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. இந்தியா 1995-லேயே செய்துவிட்டது. வங்கதேசத்தோடு இருந்த கடல் எல்லைத் தகராறில் 2014-ல் வந்த தீர்ப்பு, தகராறுக்குரிய சுமார் 25,600 சதுர கி.மீ. பரப்பில் 19,400-க்கு மேல் வங்கதேசத்துக்கே கொடுத்தது. இந்தியா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. விதிப்படி நடப்பது என்று குவாட் நாடுகள் பேசும்போது இந்தியாவிடம் காட்டுவதற்கு இருக்கும் நல்ல சான்று இது.

## உண்மையில் நடக்கும் வேலைகள்

கூட்டறிக்கைகளை விட்டுவிட்டு அன்றாடம் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்த ஒத்துழைப்பு புரியும்.

பழுது பார்ப்பது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7-ல் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அங்கே பழுதுபார்ப்புக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல்முறை. அது போர்க்கப்பல் அல்ல. நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்கு உணவு, வெடிமருந்து, எரிபொருள் கொண்டுபோய்ச் சேர்க்கும் சரக்குக் கப்பல். பதினோரு நாள் வேலை. அடுத்த ஆண்டு மேலும் சில கப்பல்கள் வந்தன. 2023-ல் முதன்மைப் பழுதுபார்ப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒரு கப்பல் பழுதுக்காகத் தன் இடத்தை விட்டுத் தொலைதூரத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பினால், அத்தனை நாளும் அந்த இடத்தில் ஒரு கப்பல் குறைவு. பக்கத்திலேயே வெல்டரும் ஃபிட்டரும் உதிரிபாகமும் கிடைத்தால் அதே எண்ணிக்கைக் கப்பல்களை வைத்துக் கூடுதல் நாள் கடலில் இருக்கலாம். இதற்கு அடிப்படை 2016-ல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட தளவாட ஒப்பந்தம்: ஒருவர் துறைமுகத்தில் மற்றவர் எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு பெறலாம், கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். ராணுவத் தளம் அமைக்க அது இடம் தரவில்லை. ஜப்பானோடும் ஆஸ்திரேலியாவோடும் இதே போன்ற ஒப்பந்தங்கள் 2020-ல் வந்தன.

கடலில் தங்குமிடம் எவ்வளவு முக்கியம் என்பது சென்னைக்கு நூறாண்டுக்கு முன்பே தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டனை, நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் மடக்கி வீழ்த்தியது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் கப்பல். அதே கோகோஸ் தீவுகளில் 2023 ஜூலையில் இந்திய ராணுவ விமானங்கள் போய் இறங்கின. தீவு அப்படியே இருக்கிறது, அதன் பயனும்தான்.

கண்காணிப்பது. 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சர்வதேசப் பயணத்தில் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றைத் தானாக ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியை வைத்திருக்க வேண்டும். தப்பான வேலைக்குப் போகும் கப்பல் அதை அணைத்துவிடும், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஓடும் மணல் லாரி மாதிரி. ஆனால் அதன் ரேடாரும் வயர்லெஸும் வெளிவிடும் அலைகளைச் செயற்கைக்கோள் பிடித்துவிடும். இந்தத் தகவலைச் சிறிய நாடுகளுக்கும் தருவதற்காக 2022 மே மாதம் டோக்கியோவில் குவாட் ஒரு திட்டத்தை அறிவித்தது. இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு, 2018-ல் குருகிராமில் கடற்படை தொடங்கிய தகவல் மையம் இதில் கைகொடுக்கிறது. என் கணிப்பில் குவாட் செய்தவற்றிலேயே உருப்படியானது இதுதான். எந்த நாட்டையும் யார் பக்கம் என்று கேட்காமல் உதவ முடிகிற வேலை.

கடலோரக் காவல். 1999 அக்டோபரில் ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியர்களுக்குச் சொந்தமான கப்பலை, இந்தோனேசியாவிலிருந்து அலுமினியம் ஏற்றிக் கிளம்பியதும் கொள்ளையர்கள் பிடித்தார்கள். மாலுமிகளை மிதவையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் புது வண்ணம் அடித்து, ‘மெகா ராமா’ என்று பெயரையும் மாற்றினார்கள். நவம்பரில் அரபிக்கடலில் இந்தியக் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அதைத் துரத்திப் பிடித்தன. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து இந்திய, ஜப்பானியக் கடலோரக் காவல்படைகள் கூட்டுப் பயிற்சி செய்கின்றன. 2024 ஜனவரியில் ‘யஷிமா’ என்ற ஜப்பானியக் கப்பல் அதற்காகத்தான் சென்னைக்கு வந்தது. குவாட் என்ற பெயர் வருவதற்கு முன்பே தொடங்கி, அதைப் பற்றிய சர்ச்சை எதுவும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒத்துழைப்பு.

அப்புறம் கடலடிக் கேபிள்கள். சென்னைக் கரையில் ஏறும் கேபிள்கள் வழியாகத்தான் சிங்கப்பூருக்கும் அந்தமானுக்கும் இணையம் போகிறது. 2023-ல் குவாட் இதற்கும் ஒரு திட்டம் அறிவித்தது. ஆனால் இப்போதைக்கு அதன் நோக்கு பெரும்பாலும் பசிபிக் தீவுகள் மீது.

## வணிகத்தில் மட்டும் ஏன் முடிச்சு?

மேலே சொன்ன எதற்கும் எந்த நாட்டிலும் யாருடைய பிழைப்பும் போகாது. வணிகம் அப்படியில்லை.

நான்கு நாடுகளும் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பசிபிக் நாடுகளின் டி.பி.பி. வணிக ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2017 ஜனவரியில் வெளியேறியது. சீனா உள்ள ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வணிக ஒப்பந்தத்துக்கான பேச்சிலிருந்து இந்தியா 2019 நவம்பரில் வெளியேறியது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் ஆர்செப்பிலும் இருக்கின்றன, டி.பி.பி.யின் மறுவடிவத்திலும் இருக்கின்றன. அவ்விரண்டுக்கும் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி சீனா. இந்தியாவுக்கு ஜப்பானோடு 2011 முதலும் ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பர் முதலும் தனித்தனி ஒப்பந்தங்கள் நடைமுறையில் உள்ளன. நான்குக்கும் பொதுவான வணிக ஒப்பந்தம் எதுவும் இல்லை.

2022-ல் அமெரிக்கா முன்வைத்த இந்தோ-பசிபிக் பொருளாதாரக் கட்டமைப்பு அந்த இடத்தை நிரப்பும் என்றார்கள். அதில் சுங்கவரிக் குறைப்பே கிடையாது. அதன் வணிகப் பிரிவில் இந்தியா சேரவும் இல்லை.

காரணம் எளிது. இவை ஜனநாயக நாடுகள் என்பதே காரணம். ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் போட்டபோது பால்பொருள்களை இந்தியா வெளியே வைத்தது. அமெரிக்கா பால், மக்காச்சோளம், சோயாவுக்கு வழி கேட்கும்போதும் அதே தயக்கம். இரண்டு மாடு வைத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பங்களைப் பகைத்துக்கொண்டு எந்த அரசும் தேர்தலைச் சந்திக்காது. அங்கே மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் ஆலை மூடிப்போன தொழிலாளர்களின் வாக்கு அதே போல் வேலை செய்கிறது. கப்பலுக்கு எரிபொருள் கொடுப்பதை யாரும் தேர்தல் பிரச்சினை ஆக்குவதில்லை.

கொழும்பு இதற்கு இன்னொரு பாடம். அங்கே கிழக்குக் கொள்கலன் முனையத்தை இலங்கையோடு சேர்ந்து இந்தியாவும் ஜப்பானும் மேம்படுத்த 2019-ல் உடன்பாடு ஆனது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2021 பிப்ரவரியில் இலங்கை அரசு அதைக் கைவிட்டது. பதிலாக மேற்கு முனையத்தை அதானி நிறுவனமும் உள்ளூர்க் கூட்டாளிகளும் கட்டினார்கள். அதற்கு அமெரிக்க அரசு நிதி நிறுவனம் 2023 நவம்பரில் அறிவித்த 55.3 கோடி டாலர் கடனையும் அதானி நிறுவனம் 2024 டிசம்பரில் வேண்டாம் என்றது. மூன்று ஜனநாயகங்கள் சேர்ந்து தீட்டிய திட்டத்தை நிறுத்தியது சீனா அல்ல, அவற்றில் ஒன்றான இலங்கையின் தொழிலாளர்கள்.

## கனிமம்: ஒத்துழைப்பு வேலை செய்யும் இடமும் வலிக்கும் இடமும்

2025 ஏப்ரலில் சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மின்வாகன மோட்டாரிலிருந்து பவர் ஸ்டியரிங் வரை இந்தக் காந்தம் வேண்டும். கார், ஸ்கூட்டர் ஆலைகளெல்லாம் கையிருப்பை எண்ணத் தொடங்கின.

இதே அனுபவம் ஜப்பானுக்கு 2010-லேயே வந்தது. தீவுத் தகராறின்போது சீனாவிலிருந்து வரத்து தடைப்பட்டது. ஜப்பான் அரசு அமைப்பும் ஒரு வணிக நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் சுரங்க நிறுவனத்தில் 2011-ல் பணம் போட்டன. நீண்டகாலக் கொள்முதலுக்கும் உறுதி தந்தன. சுமார் 90 சதவீதமாக இருந்த ஜப்பானின் சீனச் சார்பு ஏறத்தாழ 60-க்கு இறங்கியது. பத்து ஆண்டுக்கு மேல் பிடித்த வேலை. 2025 ஜூலை அறிவிப்பில் வந்த குவாட் கனிமத் திட்டத்தை அந்தக் கால அளவோடுதான் மதிப்பிட வேண்டும்.

இந்தியாவிடமும் மூலப்பொருள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கிறது. அதில் கிடைக்கும் மோனசைட்டில் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன, கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ கிராமங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. வாஷிங்டனில் ‘நம்பகமான விநியோகச் சங்கிலி’ என்று எழுதப்படுவது இங்கே கிள்ளியூரில் மீனவ கிராமங்களின் எதிர்ப்பாக வந்து நிற்கும்.

## இந்தியா எங்கே ஒதுங்கி நிற்கிறது

செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கியபோது 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒரு கூட்டு நடவடிக்கை தொடங்கியது. இந்தியா சேரவில்லை. ஆனால் தன் போர்க்கப்பல்களை அரபிக்கடலுக்கு அனுப்பி, 2024 மார்ச்சில் ‘ருவென்’ என்ற கப்பலை மீட்டு, 35 சோமாலியக் கொள்ளையர்களைப் பிடித்தது. பயன் எல்லோருக்கும், கொடி மட்டும் தனி.

சென்னைக்கும் ரஷ்யாவின் விளாடிவாஸ்டாக்குக்கும் கடல்வழி அமைக்க 2019 செப்டம்பரில் குறிப்பாணை கையெழுத்தானது. தூரம் சுமார் 10,300 கி.மீ.; ஐரோப்பா சுற்றி 40 நாள் ஆவது 24 நாளில் முடியும் என்பது அரசின் கணக்கு. இந்த வழி போவது மலாக்கா, தென்சீனக் கடல் ஊடாக. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்த நாட்டோடு வணிகம் செய்ய, அமெரிக்காவோடு சேர்ந்து காக்க நினைக்கும் கடல்வழியே வேண்டியிருக்கிறது. டெல்லிக்கு இதில் முரண் தெரிவதில்லை. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 25 சதவீதம் வரி சேர்த்த வாஷிங்டனுக்குத் தெரிந்தது.

## பாக் நீரிணையில் வரும்போது

குவாட் அறிக்கைகளில் தவறாமல் வரும் தொடர் ‘சட்டவிரோத மீன்பிடிப்பு’. மனத்தில் இருப்பது தொலைதூரக் கடலுக்கு வந்து மீனை அள்ளும் பெரிய கப்பல் கூட்டங்கள். ஆனால் யாழ்ப்பாண மீனவர் அதே தொடரைச் சொல்லும்போது கைகாட்டுவது ராமேஸ்வரம், நாகப்பட்டினம் விசைப்படகுகளை. 1974, 1976 ஒப்பந்தங்களால் எல்லைக் கோடு வந்தது; கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. இழுவை மடிக்கு இலங்கை 2017-ல் சட்டப்படி தடை விதித்தது. நம் மீனவர்கள் கைதாவதும் படகுகள் பறிமுதலாவதும் நிற்கவில்லை.

இதை இந்தியா இலங்கையோடு நேரடியாகப் பேசும் விஷயமாகவே வைத்திருக்கிறது. குவாட் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஆனால் கண்காணிப்புத் தொழில்நுட்பம் பரவப் பரவ, எல்லைக்கோட்டருகே எந்தப் படகு எப்போது இருந்தது என்பது இரு தரப்புக்கும் பதிவாகத் தெரியும்; ‘எல்லைக்குள்ளேதான் இருந்தோம்’, ‘இல்லை தாண்டினீர்கள்’ என்ற வாதம் நெடுநாள் ஓடாது. பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்ற மானியம் தரும் திட்டம் 2017-லேயே தொடங்கியது. 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. படகின் விலை, கடன் சுமை, ஆழ்கடல் பயிற்சி இல்லாமை என்று தடைகள் வந்து, மாறிய படகுகள் அந்த இலக்கில் சிறு பங்குதான்.